எல்லையும் சாலையும்

திருத்தணிகை மலையில் 365 படிகளையும் ஏறி, முருகப் பெருமானைத் தொழுது, மேலிருந்து கீழே நோக்குவோர்க்கு ஓர் அரிய காட்சி புலனாகும். வயல்களுக்கும் குன்றுகளுக்கும் இடையே கரிய நாடாவைப்போல ஒரு சாலை நெளிந்து செல்கின்றது. தென்கிழக்கே அது திருவள்ளூர் வழியாகச் சென்னைக்குப் போகின்றது. வடக்கே நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகின்றது. அச்சாலையில் மிதிவண்டியில் செல்லும் ஒருவர், திருத்தணியை விட்டு வடக்கே சிறிது தொலைவு சென்றதும், ஊர்ப் பலகைகளில் தமிழ் எழுத்து மறைந்து தெலுங்கு எழுத்துத் தோன்றக் காண்பார். ஆயினும் அவர் மிதிப்பதை நிறுத்துவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டை அவர் கடந்துவிட்டார். அக்கோடே தமிழ்நாட்டின் வட எல்லை.

மாணவ நண்பர்களே! நாட்டின் படத்தில் இருவகைக் கோடுகள் உண்டு. ஒன்று பிரிக்கும் கோடு, அஃது எல்லை. மற்றொன்று சேர்க்கும் கோடு, அது சாலை. எல்லையின் வரலாற்றை நூல்கள் விரித்துக் கூறுகின்றன. சாலையின் வரலாற்றையோ, அதன்மேல் தம் கால் வலிமையால் சென்றவர்களே எழுதினார்கள். இவ்விரு வரலாறுகளும் பின்னிக் கிடக்கும் ஒரு மலைநாடு இத்தாலியில் இருக்கின்றது. முதலில் அங்குச் சென்று, பின்னர்த் தணிகைக்குத் திரும்புவோம்.

இத்தாலி நாட்டின் டஸ்கனி மாநிலத்தில், பிளாரன்ஸ், சியெனா என்னும் இரு பழம்பெரு நகரங்களுக்கு இடையே கியாந்தி என்னும் குன்றுநாடு அமைந்துள்ளது. சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். மேடெல்லாம் ஒலிவ மரம். திராட்சை மதுவுக்குப் பெயர்பெற்ற அந்நாடு எவருக்கு உரியது என்று இடைக்காலத்தில் இரு நகரங்களும் நெடுநாள் பொருதன. அப்பூசல் தீர்ந்த வகையைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. சேவல் கூவும் நேரத்தில் இரு நகரங்களிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் புறப்பட வேண்டும். இருவரும் சந்திக்கும் இடமே எல்லை ஆகும் என்று உடன்பட்டனராம். சியெனா மக்கள் வெள்ளைச் சேவல் ஒன்றை நன்கு ஊட்டி வளர்த்தனர். பிளாரன்ஸ் மக்களோ கருஞ்சேவல் ஒன்றைப் பட்டினி போட்டனர். பசித்த சேவல் விடியுமுன்னரே கூவியது. பிளாரன்ஸ் வீரன் முந்திப் புறப்பட்டான். சியெனாவுக்கு அண்மையில் உள்ள போன்தேருத்தோலி என்னும் ஊர்வரை வந்துவிட்டான். ஆகவே, கியாந்தி நாட்டின் பெரும்பகுதி பிளாரன்சுக்கு உரியதாயிற்று. இது வரலாறு அன்று, கதையே. எனினும் அக்கருஞ்சேவல் இன்றும் அந்நாட்டு மதுக்குப்பிகளின்மேல் முத்திரையாக நிற்கின்றது.

கதை போக, ஆவணம் கூறுவதையும் கேளுங்கள். 1716 ஆம் ஆண்டில் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ, கியாந்தி உள்ளிட்ட நான்கு பகுதிகளின் எல்லைகளை வரையறுத்து ஆணை பிறப்பித்தான். மதுவின் பெயரால் நிலத்துக்கு எல்லை வகுத்த பழைய ஆணைகளுள் அஃது ஒன்று.

இவ்வெல்லைகளை எல்லாம் ஊடறுத்துச் சென்றன வெண்சாலைகள். சுண்ணாம்புக் கல்லும் சரளையும் பரப்பிய அச்சாலைகள் வெயிலில் வெள்ளையாய் ஒளிரும். வாரத்துக்கு உழுத குடியானவன் தன் மாட்டுவண்டியை ஓட்டிய வழிகள் அவை. விளைச்சலில் பாதி நிலக்கிழார்க்கு, பாதி உழவனுக்கு என்பது அங்கு நிலவிய முறை. அத்தகைய உழவனுக்குக் குதிரை ஏது? பக்கத்து நகரமும் அவனுக்குத் தொலைதூர நாடாகவே இருந்தது.

அவ்வேளையில் வந்தது மிதிவண்டி. 1870 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2 ஆம் நாள், பிளாரன்சிலிருந்து பிஸ்தோயா வரை சாலையில் ஒரு மிதிவண்டிப் பந்தயம் நடைபெற்றது. 1885 இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் இரு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த அளவுடைய வண்டியை ஆக்கினார். 1888 இல் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தைப் புனைந்தார். தத்துவப் பேரறிஞர் இராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்த ஆண்டும் அதுவே. நாளடைவில் மிதிவண்டியின் விலை குறைந்தது. தொழிலாளியும் அதனை வாங்க இயன்றது. 1909 இல் இத்தாலியைச் சுற்றிவரும் பெரும்பந்தயம் முதன்முதல் நிகழ்ந்தது. எட்டுக் கட்டங்களாக 2,448 கிலோமீட்டர் கடந்து அதில் வெற்றி கண்ட லூயிஜி கன்னா, செங்கல் அடுக்கும் கொத்தனாராக வேலை செய்தவர். குதிரை ஏறாத குலத்தவர் குன்று ஏறிய காலம் அது.

டஸ்கனி நாடு ஈன்ற மிதிவண்டி வீரருள் தலைசிறந்தவர் ஜீனோ பார்த்தலி. பிளாரன்ஸ் நகரின் அருகே ஒரு சிற்றூரில் 1914 இல் பிறந்த அவர், இத்தாலியப் பெரும்பந்தயத்தில் மும்முறையும், பிரான்சு நாட்டுப் பந்தயத்தில் 1938, 1948 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். ஆனால், அவர்தம் பெரும்பயணங்கள் பந்தயத்தில் நிகழ்ந்தவை அல்ல. 1943 இல் செருமானியப் படை இத்தாலியின் வடபகுதியையும் நடுப்பகுதியையும் கைப்பற்றி யூதர்களை வேட்டையாடத் தொடங்கியது. அவர்களைக் காக்க வேற்றுப் பெயர்களில் அடையாளச் சீட்டுகள் மறைவாக அச்சிடப்பட்டன. பார்த்தலி அத்தாள்களைச் சுருட்டித் தம் வண்டியின் இரும்புக் குழாய்க்குள் மறைத்து, பயிற்சிக்குச் செல்பவர்போல அசிசி நகருக்கும் பிளாரன்சுக்கும் இடையே சென்றுவந்தார். காவலர் நிறுத்தினால், புகழ்பெற்ற வீரரின் வண்டியைப் பிரித்துப் பார்க்கவா துணிவர்? போர் முடிந்தபின் அவர் இதனைப் பறைசாற்றவில்லை. 2000 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 2013 இல் இஸ்ரேல் நாட்டின் யாத் வஷேம் நினைவகம், யூதர்களைக் காத்த அறவோர் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது. மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் கோடு கொடியதாகும்போது, சாலையில் செல்லும் ஒருவன் அதனைக் கடந்து உயிர் காக்கலாம் என்பதற்கு அவர் சான்று.

போருக்குப்பின் காலம் மாறியது. உழவர் நிலத்தை விட்டு நகரத் தொழிற்சாலைகளை நாடினர். 1964 இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. மோட்டார் வண்டி பெருகவே, வெண்சாலைகள் பல தார்ச்சாலைகள் ஆயின. ஒரு மக்களின் உழைப்பு வரலாறே தாருக்குள் புதைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சினர். 1997 இல் ஜியான்கார்லோ புரோச்சி என்பவர், கையோலே என்னும் கியாந்திச் சிற்றூரில் 92 பேரைத் திரட்டினார். பழங்கால மிதிவண்டிகளில், பழைய உடையில், வெண்சாலைகளின் வழியே அவர்கள் சென்றனர். ஆண்டுதோறும் தொடர்ந்த அப்பயணம் ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தது. 2007 முதல் தொழில்முறை வீரர்களின் பந்தயம் ஒன்றும் அவ்வழிகளில் ஓடிச் சியெனா நகர்ச் சதுக்கத்தில் முடிகின்றது. சரளைச் சாலைகளைக் காப்பது பெருமை என்னும் எண்ணம் ஊரார்க்குத் தோன்றியது. சாலையை மிதித்தவர்களே சாலையைக் காத்தனர்.

இனித் தணிகைக்குத் திரும்புவோம். மொழிவழி மாநிலம் வேண்டி உண்ணாநோன்பு இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உருவாயிற்று. சித்தூர் மாவட்டம் அதனுள் அடங்கியது. திருத்தணியும் உடன் சென்றது. ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்த மங்கலங்கிழாரும், தமிழரசுக் கழகத் தலைவர் ம. பொ. சிவஞானமும் வட எல்லைக்காகக் குரல் எழுப்பினர். சிறை சென்றோர் பலர். உயிர் ஈந்தோரும் உளர். பின்னர், படாஸ்கர் என்பார் நடுவராக அமைந்தார். சிற்றூரை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் பேசும் மொழியும் நிலத்தின் தொடர்ச்சியும் நோக்கி எல்லை வகுக்கப்பட்டது. 1959 இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. பசித்த சேவலின் கூவலை நம்பாது, ஊர் ஊராக மக்களின் மொழியைக் கணக்கிட்டு எல்லை கண்ட செயல் இது. இரு சாராருக்கும் குறை இருந்திருக்கலாம். ஆயினும் போர்க்களம் காணாமல் பூசல் தீர்ந்தது.

எல்லை பிரிந்தது, வாழ்வு பிரிந்ததா? பள்ளிப்பட்டிலும் தறி ஓசை கேட்கின்றது. நகரியிலும் அதே ஓசை கேட்கின்றது. ஆடிக் கிருத்திகையில் காவடி சுமந்து படி ஏறுவோருள் தமிழரும் உண்டு, தெலுங்கரும் உண்டு. இவ்வுறவுக்கு ஏழை மக்களின் ஊர்தியாக நின்றது மிதிவண்டி. சென்னையிலிருந்து திருத்தணிக்கு வரும் வழியிலுள்ள அம்பத்தூரில், 1949 இல் தொடங்கப்பெற்ற டி. ஐ. சைக்கிள் நிறுவனத்தின் தொழிற்சாலை எழுந்தது. அங்குப் பிறந்த வண்டிகள் மொழி எல்லை அறியா. பால்காரரையும் தபால்காரரையும் பள்ளி மாணவரையும் இரு மாநிலங்களிலும் சுமந்தன.

நண்பர்களே! எல்லை வேண்டாம் என்று நான் கூறவில்லை. தம் மொழியில் கற்கவும், தம் மொழியில் ஆளப்படவும் மக்களுக்கு எல்லை வேண்டும். அதன்பொருட்டு வருந்தியவர்களை நாம் மறத்தல் ஆகாது. ஆனால், எல்லை மட்டுமே நிலைத்து, அதனைக் கடக்கும் சிறு சாலைகள் மறையுமானால், அண்டை வீட்டார் அயல்நாட்டார் ஆகிவிடுவர். ஆதலின், விடுமுறை நாளொன்றில், பெற்றோரின் இசைவுடன் மிதிவண்டி எடுத்துப் புறப்படுங்கள். ஊர்ப்பெயர்களைப் படியுங்கள், அங்குள்ள முதியோரிடம் பேசுங்கள். மேடு வந்தால் இறங்கித் தள்ளுங்கள். அதில் இழிவொன்றும் இல்லை. மெல்லச் செல்பவனுக்கே நிலம் தன் வரலாற்றைச் சொல்லும்.

முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் ஆதலால் தணிகை என்று பெயர் பெற்றது இம்மலை என்பர். அம்மலை நோக்கி இன்றும் இரு மொழியினர் ஒரே சாலையில் வருகின்றனர். அச்சாலையைப் பேணுவது நம் கடமை.