சயாம் மரண இரயில் பாதையும் மலாயாத் தமிழ்ப் பெண்களும்: பாலின நோக்கில் ஒரு மீள்பார்வை

முன்னுரை

மலாயாத் தமிழர் 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளை ‘ஜப்பான்காரன் காலம்’ என்று சுட்டுவர். கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டப்புறங்களில் அக்காலத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ‘சயாமுக்குப் போனவர்’ என்னும் தொடரும் உடன் எழும். அத்தொடர் பெரும்பாலும் ஓர் ஆணையே குறிக்கும். போனவரைப் பற்றிய பதிவுகள் நம்மிடம் ஓரளவு உள்ளன. அவர் போன பின்னர் லயத்தில் எஞ்சி நின்றவளைப் பற்றிய பதிவுகள் மிகக் குறைவு. பெருந்திரள் வன்முறை ஆணையும் பெண்ணையும் ஒரே வழியில் தாக்குவதில்லை என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, சயாம் மரண இரயில் பாதையின் வரலாற்றை மீண்டும் நோக்க இக்கட்டுரையில் முற்படுகிறோம்.

பாலினமும் பெருந்திரள் வன்முறையும்

‘இனப்படுகொலை’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை ரபேல் லெம்கின் 1944இல் உருவாக்கினார். 1948ஆம் ஆண்டு திசம்பர் 9ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை அது குறித்த உடன்படிக்கையை ஏற்றது. ஓர் இனத்துள் பிறப்புகளைத் தடுத்தலும் இனப்படுகொலைச் செயலாகலாம் என அவ்வுடன்படிக்கை கூறியபோதிலும், பாலின நோக்கு ஆய்வுலகில் வேரூன்றப் பல்லாண்டுகள் ஆயின. 1995இல் சிரெப்ரெனிட்சாவில் ஆண்களும் சிறுவர்களுமாக எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ருவாண்டா தொடர்பான பன்னாட்டுத் தீர்ப்பாயம் 1998இல் அகாயெசு வழக்கில் பாலியல் வன்முறையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என முதன்முறையாகத் தீர்ப்பளித்தது. ஆண் கொல்லப்படுவதற்கும் பெண் சிதைக்கப்படுவதற்கும் பாலினமே காரணமாதல் கூடும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

மலாயாவிலும் இதற்குச் சான்றுண்டு. 1942 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் சிங்கப்பூரில் நிகழ்ந்த ‘சூக் சிங்’ களையெடுப்பில் சீன ஆண்களே முதன்மையாகக் குறிவைக்கப்பட்டனர். அதே ஆட்சியின்கீழ் கோலாலம்பூரில் ‘ஆறுதல் நிலையங்கள்’ என்ற பெயரில் பெண்கள் படையினரின் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். சயாம் பாதையில் தமிழர் மடிந்ததைச் சட்டப் பொருளில் இனப்படுகொலை என்று கூறுவதற்கில்லை. ஓர் இனத்தை அழிப்பதன்று, உழைப்பைப் பிழிவதே அங்கு நோக்கம். எனினும், அவ்வுழைப்பு வேட்டையும் பாலின அடிப்படையிலேயே இயங்கியது.

போருக்கு முந்தைய நிலை: கிள்ளான், 1941

தோட்டத்துப் பெண்கள் மீதான வன்முறை ஜப்பானியரோடு தொடங்கியதன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலை நிறுத்தத்தின் கோரிக்கைகள் ஊதிய உயர்வோடு நின்றுவிடவில்லை. தொழிலாளர் வீட்டுப் பெண்களைத் துரைமாரும் தோட்ட அதிகாரிகளும் தொல்லைப்படுத்துவது நிறுத்தப்பட வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. போராட்டம் துப்பாக்கி முனையில் ஒடுக்கப்பட்டது. நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆணுக்குக் குறைந்த கூலியும் பெண்ணுக்கு அதனினும் குறைந்த கூலியும் வழங்கப்பட்ட அமைப்பு அது. 1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமானபோது, இவ்வமைப்பின் அடித்தட்டில் நின்றவர்கள் தோட்டத்துப் பெண்களே.

சயாமுக்குச் சென்றோர்

சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை 1942இல் தொடங்கப்பெற்று 1943 அக்டோபரில் இணைக்கப்பெற்றது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் உழைத்தனர். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் 75,000க்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகின்றனர். அவர்களுள் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். போர்க்கைதிகளுக்குத் தம் மருத்துவர்களும் அதிகாரிகளும் உடனிருந்தனர். தோட்டத் தொழிலாளர்க்கு அத்தகைய அமைப்பு எதுவும் இல்லை. 1943இல் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக அவர்கள் மாண்டதற்கு இதுவே முக்கியக் காரணம் எனலாம்.

முதலில் நல்ல கூலி, குறுகிய காலம் என்ற வாக்குறுதிகளால் ஆள் சேர்க்கப்பட்டது. அவை பொய் என அறிந்து மக்கள் தயங்கியபோது கட்டாயம் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் போன்ற இரயில்வே ஊழியர் குடியிருப்புகளைத் தோற்றுவித்த அதே இரயில்வே, இப்போது தொழிலாளரைச் சரக்குப் பெட்டிகளில் வடக்கே ஏற்றிச் சென்றது. கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாமுக்கு அனுப்பப்பட்டன.

உடல் வலுவுள்ள ஆணே முதன்மையாகத் தேடப்பட்டான். ஆயினும், மனைவி மக்களோடு சென்ற குடும்பங்களும் உண்டு. பரவலாக மேற்கோள் காட்டப்படும் தொகைகள் ‘மலாயாத் தொழிலாளர்’ என்ற ஒரே தலைப்பில் அமைகின்றன. சென்ற பெண்கள் எத்தனை பேர், மீண்டவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அத்தொகைகளில் விடையில்லை. எண்ணிக்கையின் இவ்வடிவமே பெண்ணை மறைத்துவிடுவதைக் காண்கிறோம்.

லயத்தில் எஞ்சியோர்

இரப்பர் ஏற்றுமதி நின்றுபோன நிலையில் பால்மரம் வெட்டும் வேலையும் கூலியும் அருகின. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. துணித் தட்டுப்பாட்டால் சாக்கு உடுத்திய நிலையையும், மானத்துக்கு அஞ்சி வெளியே வர இயலாமற்போன நிலையையும் அக்காலத்தவர் பலர் கூறியுள்ளனர். உழைக்கும் ஆண்மகன் இல்லாத குடும்பத்தில் பிள்ளைகளையும் முதியோரையும் காக்கும் பொறுப்பு பெண்ணின் தோளில் முழுமையாக விழுந்தது. பட்டினியாலும் மலேரியாவாலும் தோட்டத்தில் மாண்டவர்கள் சயாம் பாதையின் இறப்புக் கணக்கில் சேர்வதில்லை.

இவற்றினும் நுண்ணிய துன்பம் ஒன்றுண்டு. சயாமில் இறந்தவனுக்கு உடல் இல்லை. இறந்த நாள் இல்லை. நாள் இல்லாதவனுக்குத் திதி இல்லை. உடல் இல்லாதவனுக்குக் கருமாதி எப்படி? தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா என்று அறிய வழியின்றி ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் சுமங்கலியும் அல்லாமல் கைம்பெண்ணும் அல்லாமல் வாழ நேர்ந்தது. அவள் வேறொருவனோடு குடும்பம் அமைத்துக்கொண்டால் ஊர் பழித்தது. போனவன் மீண்டு வந்தாலோ இரு குடும்பங்கள் உடைந்தன. மரண இரயிலின் இப்பகுதி எந்த இரயில் நிலையத்திலும் முடிவுறவில்லை.

நினைவிலும் பாலினம்

இக்காலத் தமிழ்ப் பெண் என்றதும் பொது நினைவில் முதலில் தோன்றுவது ஜான்சி ராணிப் படையே. 1943இல் நேதாஜி தோற்றுவித்த அப்படையில் ஜானகி ஆதி நாகப்பனும் ராசம்மா பூபாலனும் இடம்பெற்றனர். ஜானகி பின்னர் ம.இ.கா.வின் தோற்றத்தில் பங்கேற்று, 2000ஆம் ஆண்டில் பத்மசிறீ விருதும் பெற்றார். இப்பெருமை உரியதே. தோட்டத்துப் பெண்களும் அப்படையில் சேர்ந்தனர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஆயினும், துப்பாக்கி ஏந்திய பெண்ணுக்கு வரலாற்றில் கிடைத்த இடம், மரவள்ளி நட்டுப் பிள்ளை காத்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. வீரம் என்று நாம் எதனை ஏற்கிறோம் என்பதும் பாலினத்தால் வரையறுக்கப்படுகிறது.

நினைவுச் சின்னங்களிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் போர்க்கைதிகள் முறையாக அடக்கம் செய்யப்பெற்றுள்ளனர். தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய தனிக்கல்லறைகள் இல்லை. 1951ஆம் ஆண்டுச் சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு வழிசெய்தது போர்க்கைதிகளுக்கே. தொழிலாளி அதில் விடுபட்டான். அவன் மனைவி விடுபட்டவனின் நிழலாகவே நின்றுவிட்டாள். ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி ஆகியோர் புதினங்களால் இவ்வரலாற்றைத் தமிழில் நிலைநிறுத்தினர். ஆவணக் காப்பகம் செய்யத் தவறியதை இலக்கியம் செய்தது எனலாம்.

முடிவுரை

சயாம் மரண இரயில் பாதையின் வரலாறு இரண்டு இடங்களில் நிகழ்ந்தது: ஒன்று தண்டவாளத்தில், மற்றொன்று லயத்தில். முதலாவதை மட்டும் எண்ணுவோமாயின், அவ்வன்முறையின் ஒரு பாதியையே நாம் அறிந்தவராவோம். நேரில் கண்ட தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது; அவர்தம் மக்களும் இன்று முதியோர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்நினைவுக்கு ஊன்றுகோலாக இருந்த இடங்களும் அருகிவருகின்றன. தமிழாசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் வாய்மொழி வரலாறு திரட்டச் செல்லும்போது, ‘உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் யார்?’ என்ற கேள்வியோடு நின்றுவிடலாகாது. ‘அவர் போன பின்னர் அடுப்பு எரியச் செய்தவர் யார்? அவர் இறந்தார் என்று வீட்டில் எப்போது முடிவு செய்தார்கள்? அம்முடிவைச் செய்தவர் யார்?’ என்றும் கேட்டல் வேண்டும். இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே மலாயாத் தமிழர் வரலாற்றின் எழுதப்படாத மறுபாதியாக அமையும்.