ரெண்டிலிருந்து மூணு: ஒரு உதறலின் வரலாறு

நம்ம ஊர்ல டிரைவிங் ஸ்கூல் போன எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். கிளட்சைக் கொஞ்சம் அவசரமா விட்டுட்டா வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதிச்சு நின்னுடும். பக்கத்துல இருக்கிற மாஸ்டர், "மெதுவா விடுப்பா, மெதுவா"ன்னு தலையில அடிச்சுக்குவார். அமெரிக்கா வந்து ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்ட ஆரம்பிச்சதும், அந்தத் தொல்லை ஒழிஞ்சதுடா சாமின்னு இருந்தேன். போன அக்டோபர்ல அதே குதி திரும்பி வந்துது. இந்தத் தடவை திட்டறதுக்கு மாஸ்டரும் இல்ல, மிதிக்கறதுக்குக் கிளட்சும் இல்ல.

மேட்டர் இதுதான். பொட்டி தட்டுற வேலைக்காக மிச்சிகன் மாநிலத்துல, டெட்ராய்ட் பக்கத்துல இருக்கேன். ஓட்டறது 2009 மாடல் வண்டி. 1,60,000 மைல் ஓடினதை 3,500 டாலருக்கு வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம், பாவம். ரெண்டாவது கியர்ல இருந்து மூணாவதுக்கு மாறும்போது பின்னாடி இருந்து யாரோ எட்டி உதைக்கிற மாதிரி ஒரு உதறல். தங்கமணிக்கு அப்ப ஏழு மாசம். ஒவ்வொரு உதைக்கும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுதான் பயமே.

வொர்க்‌ஷாப்புல கொண்டு போய் விட்டேன். "டிரான்ஸ்மிஷன் போச்சு, மொத்தமா மாத்தணும், 3,800 டாலர்"னாங்க. வண்டியை விட உள்ள இருக்கிற சாமான் விலை ஜாஸ்தி! டிசம்பர்ல பிரசவம், வெளிய பனி. வேற வண்டி வாங்கக் கையில காசில்லை, வண்டி இல்லாம இந்த ஊர்ல பால் பாக்கெட் கூட வாங்க முடியாது.

எதிர்வீட்டுல ஒரு பெரியவர் இருக்கார். முப்பது வருஷம் டிரான்ஸ்மிஷன் ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வந்து டிப்ஸ்டிக்கை உருவி, எண்ணெயை விரல்ல தேய்ச்சு, மூக்குகிட்ட வச்சுப் பார்த்தார். "பழுப்பா இருக்கு, ஆனா தீஞ்ச வாசனை இல்லை. கியர் போகலை தம்பி, எண்ணெய்தான் போயிருக்கு"ன்னார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "ரெண்டுல இருந்து மூணா? அது 1940ல இருந்தே இருக்கிற வியாதியாச்சே"ன்னார்.

அதென்ன 1940? அன்னிக்கு ராத்திரி தோண்ட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

கதை கார்ல ஆரம்பிக்கலை, கப்பல்ல ஆரம்பிக்குது. ஜெர்மனிக்காரர் ஹெர்மன் ஃபோட்டிங்கர், அப்ப ஜெர்மனியில இருந்த ஸ்டெட்டின் நகரத்துல வுல்கான் கப்பல் கட்டும் தளத்துல வேலை பார்த்தவர். வேகமா சுத்தற நீராவி டர்பைனை, மெதுவா சுத்த வேண்டிய ப்ரொப்பெல்லரோட எப்படி இணைக்கிறதுங்கறது அவர் பிரச்சினை. 1905ல ஒரு காப்புரிமை வாங்கினார். ரெண்டு விசிறியை எதிரெதிரா வச்சு நடுவுல திரவத்தை நிரப்பினா, ஒண்ணு சுத்தற வேகத்துல திரவம் இன்னொண்ணைச் சுத்த வைக்கும். ரெண்டுக்கும் நடுவுல இரும்பு இரும்பைத் தொடவே தொடாது. இன்னிக்கு ஆட்டோமேட்டிக் கார் சிக்னல்ல கியர்லயே நின்னாலும் இன்ஜின் அணையாம இருக்குன்னா, அது இந்த யோசனையாலதான்.

இதைக் கார்ல வச்சு, பெரிய அளவுல தயாரிச்சு வித்து ஜெயிச்சது ஜெனரல் மோட்டார்ஸ். அங்க இந்த வேலையை நடத்தினவர் ஏர்ல் தாம்சன். கியர் போடும்போது வர்ற 'கர்ர்ர்' சத்தத்தை ஒழிச்ச சிங்க்ரோமெஷ்ஷைக் கண்டுபிடிச்சவரும் இவரேதான். 1929 மாடல் கேடிலாக்ல அது வந்துது. 1937ல கிளட்ச் பாதி, ஆட்டோமேட்டிக் பாதின்னு ஒண்ணை ஓல்ட்ஸ்மொபைல் கார்ல போட்டுப் பார்த்தாங்க. அப்புறம் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்ல கிளட்ச் பெடலே இல்லாத 'ஹைட்ரமேட்டிக்' வந்துது. கூடுதல் விலை வெறும் 57 டாலர்.

இதுல நாலு கியர். ஆனா உள்ள இருக்கிறது என்னமோ ரெண்டே ரெண்டு பிளானெட்டரி கியர் செட்தான் (ரிவர்ஸுக்கு ஒண்ணு தனி). ஒவ்வொரு செட்டும் ரெண்டு நிலையில இருக்கலாம். வேகத்தைக் குறைச்சுக் கொடுக்கும், இல்லேன்னா அப்படியே நேரா கடத்தும். குறைச்சா 0, நேரா போனா 1ன்னு வச்சுக்குங்க. பின் செட்டை இடப்பக்கமும், முன் செட்டை வலப்பக்கமும் எழுதிப் பாருங்க.

முதல் கியர்: 00
ரெண்டாவது: 01
மூணாவது: 10
நாலாவது: 11

பொட்டி தட்டுற மக்களே, புரியுதா? காலேஜ்ல டிஜிட்டல் லேப்ல பண்ணின அதே ரெண்டு பிட் கவுண்ட்டர்! இதைக் காகிதத்துல போட்டுப் பார்த்தப்ப, ராத்திரி ஒரு மணிக்குத் தங்கமணியை எழுப்பிச் சொல்லலாமான்னு தோணிச்சு. உயிர் மேல ஆசை இருந்ததால சொல்லலை.

இப்ப உதறல் எங்க இருக்குன்னு தானாவே தெரியும். ஒண்ணுல இருந்து ரெண்டு போக ஒரு பிட் மாறினா போதும். மூணுல இருந்து நாலும் அப்படித்தான். ரெண்டுல இருந்து மூணு போகும்போது மட்டும் ரெண்டு பிட்டும் ஒரே நேரத்துல, எதிர் எதிர்த் திசையில மாறணும். முன் செட்டுல கிளட்ச் விட்டு பேண்ட் பிடிக்கணும், பின் செட்டுல பேண்ட் விட்டு கிளட்ச் பிடிக்கணும். மொத்தம் நாலு வேலை. ஒண்ணு விடறதுக்கு முன்னாடி இன்னொண்ணு பிடிச்சா ரெண்டும் மல்லுக்கட்டும், வண்டி உதறும். விட்டும் அடுத்தது பிடிக்கலைன்னா, இன்ஜின் 'விர்ர்'னு சும்மா கத்தும். நம்ம பாஷையில சொன்னா ரேஸ் கண்டிஷன். அதை அவங்க பிழைதிருத்த வேண்டியிருந்தது கோட்ல இல்லை. எண்ணெய் ஓடற வாய்க்கால், வால்வு, ஸ்பிரிங்ல. ஒரு பக்கம் வண்டி வேகத்துக்கு ஏத்த எண்ணெய் அழுத்தம், மறுபக்கம் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அதுக்கு ஏத்த அழுத்தம். எது ஜெயிக்குதோ அதை வச்சு வால்வு நகரும், கியர் மாறும். அப்ப ஒரு வண்டியிலயும் கம்ப்யூட்டர் கிடையாது.

உதறினாலும் உறுதியான சாமான். இரண்டாம் உலகப் போர்ல எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில ரெண்டு கேடிலாக் இன்ஜின், ரெண்டு ஹைட்ரமேட்டிக் வச்சு ஓட்டினாங்க. டாங்கிக்குள்ள உட்கார்ந்தவன் உதறலைப் பத்திப் புகார் சொல்லியிருக்க மாட்டான்.

ஆனா கார் வாங்கறவன் சொல்லுவானே. பியூக் வேற வழியில போச்சு. 1948ல வந்த அவங்க 'டைனாஃப்ளோ' சாதாரண ஓட்டத்துல கியரே மாத்தாது, எல்லாத்தையும் டார்க் கன்வெர்ட்டரே பார்த்துக்கும். வெண்ணெய் மாதிரி போகும். ஆனா மெதுவாத்தான் கிளம்பும், பெட்ரோலும் குடிக்கும்.

அந்த ரெண்டும் சந்திக்க வேண்டிய ஒரு நாளும் வந்துது. 1953 ஆகஸ்ட் 12. என் வீட்டுல இருந்து அரைமணி நேரத்துல இருக்கிற லிவோனியாவுல ஹைட்ரமேட்டிக் தொழிற்சாலை எரிஞ்சு போச்சு. உலோகம் வெட்டற டார்ச்சோட பொறி, தீப்பிடிக்கிற திரவத்து மேல விழுந்துது. நடுவுல தடுப்புச் சுவர் இல்லாத பிரம்மாண்டமான கூடாரம் அது. கூரையில இருந்த தார் உருகிச் சொட்டி, நெருப்பு ஓடிப் பரவிச்சு. வேலைக்கு வந்த சிலர் வீடு திரும்பலை. அந்தக் காலத்துக்கு அமெரிக்கத் தொழில்துறை பார்த்ததுலயே பெரிய தீ நஷ்டம் அது. வேற வழி இல்லாம கேடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் பியூக்கோட டைனாஃப்ளோவை வாங்கிப் போட்டாங்க. போன்டியாக் செவர்லேயோட பவர்கிளைடைப் போட்டுச்சு. பக்கத்துல வில்லோ ரன்ல, போர்க்காலத்துல குண்டுவீச்சு விமானம் செஞ்ச கட்டடத்தைப் பிடிச்சு, சுமார் மூணு மாசத்துக்குள்ள ஹைட்ரமேட்டிக் தயாரிப்பைத் திரும்ப ஆரம்பிச்சாங்க. 2010ல அந்த ஆலை மூடற வரைக்கும் அது டிரான்ஸ்மிஷன் ஊர்தான். எதிர்வீட்டுப் பெரியவர் வேலை பார்த்ததும் அங்கதான். இப்ப அந்த வளாகத்துல தானா ஓடற கார்களைச் சோதிச்சுப் பார்க்கிறாங்க.

1956ல உதறலுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு வைத்தியம் பண்ணினாங்க. முன் செட்டுல 'டக்'னு பிடிக்கிற கிளட்சை எடுத்துட்டு, ஃபோட்டிங்கர் பாணியில இன்னொரு சின்ன திரவ இணைப்பு. எண்ணெய் நிரம்பினா பிடிக்கும், வடிஞ்சா விடும். உதறல் குறைஞ்சுது, சிக்கலும் செலவும் கூடுச்சு. 1964ல மூணு கியர், டார்க் கன்வெர்ட்டர்னு வேற அமைப்புல புது டிரான்ஸ்மிஷன் வந்து, பழைய ஹைட்ரமேட்டிக் ஒதுங்க ஆரம்பிச்சுது.

இதுவரைக்கும் படிச்சப்ப இது இரும்பு சம்பந்தப்பட்ட கதைன்னுதான் நினைச்சேன். எண்ணெய் பக்கம் வந்தப்பதான் தூக்கிவாரிப் போட்டுது.

கிளட்ச் தகடு ரெண்டு உரசிக்கிட்டே வேகம் ஒண்ணாகி ஒட்டிக்கணும். சாதாரண எண்ணெயில உரசும்போது பிடிமானம் கம்மி, நிக்கப் போற கடைசி நொடியில பிடிமானம் ஜாஸ்தி. அந்தக் கடைசி நொடியில 'வெடுக்'னு கவ்வும். அதுதான் உதறல். கடைசியில பிடிமானம் ஏறாம பார்த்துக்க எண்ணெயில ஒரு வழுக்கும் பொருள் கலக்கணும். பல வருஷம் அது எங்க இருந்து வந்துது தெரியுமா? திமிங்கலத்துக்கிட்ட இருந்து. ஸ்பெர்ம் திமிங்கலத்தோட எண்ணெய் பெரும்பாலும் கொழுப்பு இல்லை, திரவ மெழுகு. உலோகத்துல நல்லா ஒட்டும். அதுல கந்தகம் சேர்த்து டிரான்ஸ்மிஷன் எண்ணெயில கலந்தாங்க. அமெரிக்க நெடுஞ்சாலையில அப்பா கார் ஓட்ட, பின்சீட்டுல குழந்தை முழிக்காம தூங்கினதுக்குப் பின்னாடி, கடல்ல ஈட்டி வாங்கின ஒரு பிராணி இருந்திருக்கு.

1970ல அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழியும் இனப் பட்டியல்ல சேர்த்து, எண்ணெய் இறக்குமதியை நிறுத்துச்சு. 1970களோட தொடக்கத்துல அவசர அவசரமா மாற்று எண்ணெய் தேடினாங்க. முதல்ல வந்த கலவை ஒண்ணு, எண்ணெயைக் குளிர்விக்கிற பாகத்துல இருந்த பற்றவைப்பை அரிச்சுது. அப்புறம் திருத்தினாங்க. திமிங்கலம் இல்லாமலும் கியர் மாறும்னு வேதியியல்காரங்க நிரூபிச்சாங்க.

பாடம் முழுசா படிக்கப்படலை. 1989 மாடல்ல கிரைஸ்லர், கம்ப்யூட்டர் வச்ச, தேய்மானத்துக்கு ஏத்த மாதிரி தானே கத்துக்கிற நாலு கியர் டிரான்ஸ்மிஷன் கொண்டு வந்தாங்க. அதுக்குன்னு தனி எண்ணெய் உண்டு. ஆனா டெக்ஸ்ரான் ஊத்தினாலும் பரவாயில்லைன்னு அவங்களே டிப்ஸ்டிக்ல போட்டு வச்சாங்க. அதை நம்பி ஊத்தினவங்க டிரான்ஸ்மிஷன்கள் உதறி, தேஞ்சு, பேர் கெட்டுப் போச்சு. உள்ள எவ்வளவு புத்திசாலி கம்ப்யூட்டர் இருந்தாலும், தகடு ரெண்டும் ஒட்டற கடைசி நொடியை எண்ணெய்தான் தீர்மானிக்குது.

இப்ப என் வண்டிக்கு வர்றேன். கியர் அமைப்பு பழைய ஹைட்ரமேட்டிக் இல்லை. ஆனா ஒண்ணு விடணும், ஒண்ணு பிடிக்கணுங்கிற கணக்கு அதேதான். வருஷக்கணக்கா சூடாகிச் சூடாகி, எண்ணெயில இருந்த வழுக்கும் பொருள் தீர்ந்திருக்கு. பெரியவர் சொன்னபடி பண்ணினேன். அடித்தட்டைக் கழட்டினோம். காந்தத்துல மெல்லிசா சாம்பல் நிறப் பசை இருந்தது, அது சகஜமாம். இரும்புத் துணுக்கு இருந்தாத்தான் ஆபத்தாம். ஃபில்ட்டர் மாத்தினோம். வண்டி கையேட்டுல போட்டிருக்கிற அதே ரக எண்ணெய், ஒரு சொட்டு கூட வேற ரகம் இல்லை. ஒரு தடவை வடிச்சா பாதி கூட வராது, மிச்சம் டார்க் கன்வெர்ட்டர்ல நிக்கும். அதனால ஓட்டறது, வடிக்கிறது, அளந்து ஊத்தறதுன்னு மூணு வாரம், மூணு தடவை. மெஷின் வச்சு மொத்தமா அலசற வேலைக்குப் போக வேண்டாம்னுட்டார். கடைசியா, கம்ப்யூட்டர் பழைய எண்ணெய்க்குக் கத்துக்கிட்டதை ஸ்கேனர் வச்சு அழிச்சு, பூப்போல ஓட்டித் திரும்பக் கத்துக் கொடுத்தோம்.

மொத்தச் செலவு 190 டாலர். முதல் தடவை பெரிசா வித்தியாசம் இல்லை. ரெண்டாவதுல பாதி குறைஞ்சுது. மூணாவதுக்கப்புறம், குளிர்ல முதல் அஞ்சு நிமிஷம் லேசா ஒரு தட்டல், அவ்வளவுதான். 3,800 டாலர் பிரசவச் செலவுக்குப் போச்சு.

டிசம்பர் கடைசியில ஆஸ்பத்திரியில இருந்து பாப்பாவை இந்த வண்டியிலதான் கூட்டிட்டு வந்தோம். ரெண்டுல இருந்து மூணு மாறும்போது கண்ணாடியில பார்த்தேன். முழிக்கலை. தங்கமணி பார்த்த பார்வையும் வேற மாதிரி இருந்தது.

டிஸ்கி: எண்ணெய் கறுப்பாகி, தீஞ்ச வாசனை வந்தா இந்த வைத்தியம் பலிக்காது. தகடே தேஞ்சு போயிருக்கும், புது எண்ணெய் ஊத்தினாலும் பிரயோஜனம் இல்லை. முதல்ல மோந்து பாருங்க, அப்புறம் செலவு பண்ணுங்க.