டில்லியில் யோஷினோ வென்ற மூன்று தங்கம்

1951 மார்ச் 4 அன்று டில்லி தேசிய விளையாட்டரங்கில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியபோது, ஜப்பான் இன்னும் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில்தான் இருந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்கு அழைப்பே இல்லை. குரு தத் சோந்தி முன்னின்று நடத்திய டில்லிப் போட்டி அதைச் சரிசமமாகக் கூப்பிட்டு உட்காரவைத்தது. வந்தவை 11 நாடுகள். 24 தங்கத்தோடு ஜப்பான் முதலிடம், 15 தங்கத்தோடு இந்தியா இரண்டாமிடம்.

அந்த 24-இல் மூன்று, ஒரே பெண் வென்றவை.

அவர் டொயோகோ யோஷினோ. குண்டு, வட்டு, ஈட்டி மூன்றிலும் தங்கம். மைதானத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். குண்டைக் கழுத்தோரம் அணைத்துவைத்து, வட்டத்துக்குள்ளேயே நின்று உந்தித் தள்ள வேண்டும். வட்டுக்கு உடம்பு சுழல வேண்டும். இவை இரண்டும் பலருக்கு ஒன்றாகவே கைகூடிவிடும். ஈட்டி அப்படியல்ல. ஓடிவந்து, கடைசி இரண்டு மூன்று அடியில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இடது காலை ஊன்றி, ஓடிவந்த வேகம் முழுவதையும் தோள் வழியாகக் கைக்கு ஏற்ற வேண்டும். 600 கிராம்தான் எடை. ஆனால் முனை முதலில் தரையைத் தொடாவிட்டால் அந்த எறி செல்லாது. வெறும் பலத்தை நம்பி இங்கே நிற்க முடியாது.

யோஷினோ வானத்திலிருந்து குதித்தவர் அல்ல. கினுவே ஹிதோமி 1930-இல் பிராக் நகரில் நடந்த மகளிர் உலகப் போட்டியில் ஈட்டியில் வெண்கலம் வென்றார். மறு ஆண்டே 24 வயதில் இறந்துபோனார். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மசாகோ ஷின்போவுக்கு நான்காமிடம், 1936 பெர்லினில் சடாகோ யமமோட்டோவுக்கு ஐந்தாமிடம். பிறகு போர் வந்தது. டோக்கியோவில் நடக்கவிருந்த 1940 ஒலிம்பிக்கே இல்லாமல் போயிற்று. யோஷினோ தலைமுறையின் நல்ல வயதெல்லாம் அந்த ஆண்டுகளில்தான் கரைந்தது. டில்லிக்கு வரும்போது அவர் முப்பதை எட்டியிருந்தார். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் வட்டெறிதலில் மூன்று சோவியத் வீராங்கனைகளுக்கு அடுத்து நான்காவதாக நின்றார். பதக்கம் கைநழுவினாலும், அந்தத் தாமதத்துக்குப் பிறகு அது பெரிய சாதனைதான்.

டில்லியில் இந்தியப் பெண்கள் 4x100 தொடர் ஓட்டத்தில் ஜப்பானுக்கு அடுத்து வெள்ளி வென்றார்கள். ஈட்டியிலும் மெல்ல மெல்லப் பாதை பிறந்தது: 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் எலிசபெத் டேவன்போர்ட் வெள்ளி வென்றார். தங்கத்துக்கு மட்டும் 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹாங்சோவில் 62.92 மீட்டர் எறிந்து அதை வென்ற அன்னு ராணி, மீரட் பக்கத்துக் கிராமத்தில் கரும்பை எறிந்து பழகியவர்.

விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்றுதான் நமக்குத் தெரியும். மீரட் பக்கம் போலவே அங்கும் சுற்றிலும் கரும்பு வயல்கள் உண்டு. அங்குள்ள பள்ளிப் பெண்கள் ஆடும் குறுவட்டப் போட்டிப் பட்டியலிலும் ஈட்டி எறிதல் இருக்கிறது. நல்ல ஈட்டியும், காலை எப்படி ஊன்றுவது என்று சொல்லித்தர ஓர் ஆளும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.