குள்ளப் போவாவைக் காத்தது யார்?

ஹோண்டுராஸின் வடகரைக்கு அப்பால், லா செய்பா துறைமுகத்துக்கு வடகிழக்கே, காடடர்ந்த இரண்டு மேட்டுத் தீவுகளும் அவற்றைச் சுற்றிச் சில மணல்திட்டுகளும் உள்ளன. ஸ்பானிய மொழியில் கயோஸ் கொச்சினோஸ், அதாவது பன்றித் தீவுகள். இங்குள்ள போவா பாம்பு பெருநிலத்துப் போவாவைப் போல எட்டு, பத்து அடி வளர்வதில்லை. நான்கைந்து அடியோடு பெரும்பாலும் நின்றுவிடும். உடல் வெளிறிய சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்தது. இரவில் இன்னும் வெளிறும்; விடிந்தபின் கருக்கும். இரையாகத் தக்க பெரிய விலங்குகள் தீவில் குறைவு. ஓணான்களும் வலசை வரும் சிறு பறவைகளுமே முக்கிய உணவு. தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த அந்தச் சிக்கன வாழ்வே இந்த உடலை வார்த்தது.

அந்தச் சிற்றுடலே அதற்கு வினையாக வந்தது. 1970களின் இறுதியில் அமெரிக்கச் செல்லப்பிராணி வணிகர்களின் கண் இந்தத் தீவுகளின் மேல் விழுந்தது. சிறிய கண்ணாடிப் பெட்டியில் அடங்கும், அழகாகவும் இருக்கும் பாம்புக்கு நல்ல கிராக்கி. போவா இனங்கள் 1977 முதலே காட்டுயிர்களுக்கான சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருந்தன. ஆனால் அந்தப் பட்டியல் வணிகத்தைத் தடுப்பதில்லை. அனுமதிச் சீட்டோடு நடத்தச் சொல்கிறது, அவ்வளவே. எனவே பிடிப்பு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. 1980களின் முடிவில் தீவில் பாம்பைக் காண்பதே அரிதாகி, இந்த இனம் காட்டில் அழிந்துவிட்டது என்றே பலர் முடிவுகட்டினர்.

இங்கிருந்துதான் வளர்ப்பாளர்கள் சொல்லும் கதை தொடங்குகிறது: ‘காட்டில் போனதை நாங்கள் பெட்டியில் காப்பாற்றினோம்.’ இந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று தள்ள முடியாது. போவா முட்டையிடாமல் குட்டி போடும் பாம்பு; வீட்டிலும் இனம் பெருகும். வீட்டில் பிறந்த குட்டி கிடைத்தால் காட்டுப் பாம்புக்கான தேவை குறையும். குள்ளத்தன்மை வெறும் பட்டினியின் விளைவும் அல்ல. பெலிஸ் நாட்டுத் தீவுப் போவாக்களின் குட்டிகளையும் பெருநிலக் குட்டிகளையும் ஒரே சூழலில் வளர்த்து ஆய்வாளர் ஸ்காட் போபாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, உருவ அளவில் உணவோடு மரபுக்கும் பங்கு உண்டு என்று காட்டியது. ஆகவே பெட்டிக்குள் இருப்பதும் மதிப்புள்ள மரபுதான். ஆனால் அந்த மரபு கலப்பில்லாமல் இருக்கிறதா? பெருநிலப் போவாவோடு இணைசேர்த்துப் புது நிறங்களை உண்டாக்கிய குட்டிகளும் அதே தீவின் பெயரில் விற்பனையாகின்றன. எந்தத் தீவில் பிடித்த தாய், எந்தத் தந்தை என்ற பதிவு இல்லாத பாம்பைத் தீவுக்குத் திருப்பியனுப்ப இயலாது. வளர்ப்புப் போவாக்களிடையே பரவும், உயிரணுக்களுக்குள் படிவுகளை உண்டாக்கும் கொடிய வைரஸ் நோயும் குறுக்கே நிற்கிறது.

காட்டுப் பாம்பைக் காத்தது வேறொன்று. 1993இல் ஹோண்டுராஸ் அரசு இந்தத் தீவுகளைக் காப்பகமாக்கியது. பாம்பு பிடிப்புக்கும் கடிவாளம் விழுந்தது. 2000களில் ராபர்ட் ரீட், போபாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பாம்புகளுக்கு நுண்சில்லு பொருத்திக் கணக்கெடுத்தபோது, அழிந்ததாகக் கருதப்பட்ட போவா இரு பெரிய தீவுகளிலும் தாராளமாகவே இருந்தது. எஞ்சிய சில பாம்புகளே தம் கூட்டத்தை மீட்டுக்கொண்டன. காப்பகம் வந்தால் மட்டும் போதுமா, கள்ளப்பிடிப்பு நின்றுவிடுமா என்று கேட்கலாம். முற்றாக நிற்கவில்லைதான். காவலின் சுமையும் சமமாக விழவில்லை: அங்கே வாழும் கரிஃபுனா மீனவர்களின் பிழைப்பை மீன்பிடிக் கட்டுப்பாடுகள் நெருக்கின. இந்த மீட்சிக்கு அவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது.

குள்ளப் போவாவை வளர்ப்பது குற்றமல்ல. பெட்டியையே காப்பகம் என்று எண்ணுவதுதான் பிழை. வளர்க்க விரும்புகிறவர்கள் காட்டில் பிடித்த பாம்பை வாங்காதிருக்கட்டும். பெற்றோர் பதிவு உள்ள குட்டியையே கேட்டு வாங்கட்டும். கலப்புக் குட்டியைத் தீவின் பெயரில் விற்காதிருக்கட்டும். அந்தப் பாம்புக்கு வீடு தீவுதான்.