மோதிரத்துக்குள் நுழைந்த சால்வை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலுக்குள் இருக்கும் ஷெட்லாந்து தீவுகளில், பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குப் பாட்டி லேஸ் சால்வை பின்னிவைப்பது பழைய வழக்கம். ஞானஸ்நானத்தன்று குழந்தையை அதில்தான் சுற்றி எடுத்துப்போவார்கள். அந்த ஊர்ச் சால்வைகளில் மிக மெல்லியதற்கு மோதிரச் சால்வை என்று பெயர். ஆறடிச் சதுரம் இருக்கும். ஆனாலும் கல்யாண மோதிரத்துக்குள் விட்டு மறுபக்கம் இழுத்துவிடலாம். டாக்கா மஸ்லினைப் பற்றி நம்மவர்கள் சொல்வது போலத்தான். ஆனால் இது ஆட்டு ரோமம்.

அங்குள்ள ஆடு சிறிய ஜாதி. அதன் கழுத்து ரோமம்தான் மிகவும் மென்மை. அதைக் கத்தரிக்காமல், தானாகக் கழலும் பருவத்தில் கையால் பிடுங்கி எடுத்து, வீட்டிலேயே ராட்டினத்தில் நூற்பார்கள். லேஸில் ஓட்டை விழுவதற்கு நூலை ஊசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதனால் ஒரு கண்ணி கூடிவிடும்; அதைச் சரிக்கட்ட வேறோரிடத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்ன வேண்டும். வரவும் செலவும் ஒவ்வொரு வரியிலும் நேராக வேண்டும். (குமாஸ்தாவுக்கு இது பிடிக்காமல் போகுமா?) அலைத்தடம், பூனைப்பாதம், பறவைக்கண் என்று அலங்காரங்களுக்குப் பெயர். ஏட்டில் எழுதிவைக்காமல் தாயிடம் பார்த்து மகள் பழகினாள். முதுகில் எரிகரிக் கூடையைச் சுமந்து நடக்கும்போதும் கை பின்னிக்கொண்டே இருக்கும்.

முன்பெல்லாம் அவர்கள் டச்சு மீனவர்களுக்குக் காலுறை விற்றவர்கள். 1837-இல் ஆர்தர் ஆண்டர்சன் என்ற ஷெட்லாந்துக்காரர் விக்டோரியா ராணிக்கு அந்த ஊர்க் காலுறைகளைக் காணிக்கையாக அளித்தார். பிற்பாடு சென்னைக்கும் வந்துபோன பி அண்டு ஓ கப்பல் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர் அவர். 1840-களில் லேஸ் சால்வை சீமாட்டிகளிடையே நாகரிகமாகிவிட்டது.

பின்னியவளுக்கு என்ன கிடைத்தது? 1872-இல் அரசாங்கம் வில்லியம் கத்ரி என்பவரைக் கொண்டு விசாரித்தது. முப்பது வருஷம் கோப்பு பார்த்த எனக்கு இம்மாதிரி அறிக்கைகள் நாவலைவிட ருசிக்கும். பின்னல்காரப் பெண்களே வந்து சாட்சி சொன்னார்கள். கேள்வியும் பதிலுமாக அச்சாகியிருக்கிறது. வியாபாரி காசு தரமாட்டார். தேயிலையோ துணியோதான் தருவார். மாவுக்கு வழியில்லாதவள் அந்தத் தேயிலையை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் மாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாற்றிக்கொள்வாள். சீமாட்டியின் தோளில் கிடந்த அழகுக்கு விலை இதுதான். அறிக்கை வந்த பிறகும் அந்த முறை உடனே ஒழிந்துவிடவில்லை.

ஆகவே அதே கைகள் வீட்டுக் குழந்தைக்கென்று பின்னிய சால்வையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நல்ல கழுத்து ரோமத்தை விற்காமல் ஒதுக்கிவைப்பதென்றால் அந்த வீட்டில் அது சின்னச் செலவா? கன்னியர் பள்ளியில் பின்னல் கற்ற என் அக்காள், பிரான்சில் இருக்கும் பேத்திக்காக மூன்று மாதம் உட்கார்ந்து ஒன்று பின்னினாள். "கூலி போட்டால் எவ்வளவு ஆகும் அக்கா?" என்று கேட்டேன். "போடா, கணக்குப்பிள்ளை" என்றாள்.

ஷெட்லாந்தில் அந்தச் சால்வை ஒரு குழந்தையோடு முடிவதில்லை. அடுத்த ஞானஸ்நானம் வரும்போது பெட்டியிலிருந்து எடுத்து, வெதுவெதுப்பான நீரில் அலசி, ஈரத்தோடு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். காய்ந்ததும் சுருங்கிக் கிடந்த அலைத்தடமும் பறவைக்கண்ணும் மறுபடி விரிந்துகொள்ளும்.