ஜாங்கலமும் ஜங்கிளும்: ஒரு சொல்லின் தட்பவெப்ப வரலாறு

ஒரு நிலத்தின் தாவர இயல்பை அங்குப் பெய்யும் மழையும் நிலவும் வெப்பமும் உறுதி செய்கின்றன. 1900ஆம் ஆண்டில் உலகின் தட்பவெப்ப வகைகளைப் பாகுபடுத்திய கோப்பென், தாவரப் பரவலையே அவற்றின் எல்லைகளுக்கு அடிப்படையாகக் கொண்டார். இவ்வுறவு சொற்பொருள் மாற்றத்திலும் தடம் பதித்துள்ளதை 'ஜங்கிள்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று இச்சொல் அடர்ந்த ஈரக்காட்டைக் குறிக்கிறது. இதன் மூலமாகிய வடமொழி 'ஜாங்கல' என்பதோ வறண்ட, திறந்த நிலத்தைக் குறித்தது. சரக, சுசுருத சம்ஹிதைகள் நிலத்தை ஜாங்கலம், அனூபம், சாதாரணம் என மூன்றாகப் பகுக்கின்றன. நீர் அருகி, வன்னி, இலந்தை போன்ற மரங்கள் வளர்வது ஜாங்கலம். நீர் மிகுந்து சதுப்பாய் இருப்பது அனூபம். இரண்டின் இயல்பும் கலந்தது சாதாரணம்.

இப்பகுப்பு வட இந்திய மழைப் பரவலோடு பொருந்துவது நோக்கத்தக்கது. வங்கக் கடலிலிருந்து எழும் பருவக்காற்று கங்கைச் சமவெளி வழியே மேற்கே செல்லச் செல்ல ஈரத்தை இழக்கிறது. கொல்கத்தாவில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை தில்லியில் ஏறத்தாழப் பாதியாகிறது; ஜெய்சல்மேரில் 200 மில்லிமீட்டர் அளவே பெய்கிறது. அதற்கேற்ப மரச்செறிவு குறைந்து முட்காடு தோன்றுகிறது. ஜாங்கலம் மேற்கின் உலர்நிலத்துக்கும் அனூபம் கிழக்கின் ஈரநிலத்துக்கும் உரியவை என்பதைப் பிரான்சிஸ் சிம்மர்மன் 1982இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

பொருள் மாறியது எவ்வாறு? பிற்கால மொழிகளில் 'ஜங்கல்' என்பது பயிரிடப்படாத நிலம் என்னும் பொருளையும் பெற்றது. 1776இல் வெளிவந்த ஹால்ஹெட்டின் சட்டநூல் மொழிபெயர்ப்பில், ஐந்தாண்டுகள் தரிசாகக் கிடந்த நிலத்திற்கே இச்சொல் ஆளப்பட்டது. மழை மிகுந்த வங்கத்தில் தரிசு நிலம் விரைவில் புதர் மண்டிவிடும். ஆங்கிலேயர் அங்குக் கண்ட தரிசு இத்தகையது ஆதலின், அடர்த்தி என்னும் பொருள் இச்சொல்லில் ஏறியது எனக் கருத இடமுண்டு. உலர்நிலத்துச் சொல் ஈரநிலத்திற்குச் சென்றது; பொருளும் உடன் மாறியது.

இம்மாற்றத்தை அறியாத மொழிபெயர்ப்பு பிழைபடும். மருத்துவ நூல்களில் ஜாங்கலம் வாதம் மிகும் நிலம். அனூபம் கபம் மிகும் நிலம். ஜாங்கலத்தை 'அடர்காடு' எனப் பெயர்த்தால் உலர்நிலம் ஈரநிலமாகிவிடும். நோய்க்குக் கூறிய காரணமே தலைகீழாகும். தமிழிலும் 'காடு' ஒரே வகை நிலத்தைக் குறிப்பதில்லை. கொங்கு வட்டாரத்தில் அது மானாவாரி விளைநிலத்தையும் குறிக்கும். எனவே தாவரம் சார்ந்த சொல்லை மொழிபெயர்ப்போர் அகராதியோடு அந்நிலத்தின் மழையளவையும் நோக்குதல் வேண்டும்.