நிலவுக் குடியிருப்பு

நிலவில் மனிதர் நிலையாகத் தங்கி வாழ்வதற்கான திட்டம். இதற்கென அதிகம் பேசப்படும் இடம் தென்துருவத்து ஷாக்கிள்டன் பள்ளம்; விட்டம் சுமார் 21 கி.மீ., ஆழம் சுமார் 4 கி.மீ. நிலவின் அச்சு 1.5 பாகையே சாய்ந்திருப்பதால் பள்ளத்தின் விளிம்பு மேடுகளில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் படுகிறது. மற்ற பெரும்பாலான இடங்களில் இரவு ஏறத்தாழ 14 புவி நாள் நீள்வதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். பள்ளத்தின் அடியிலோ நிரந்தர இருள், கடுங்குளிர். இத்தகைய இருளில்தான் உறைந்த நீர் தங்குகிறது; 2009இல் நாசாவின் எல்கிராஸ் திட்டம் கேபியஸ் பள்ளத்தில் அதை உறுதிசெய்தது. குடிநீருக்கு மட்டுமல்ல, பிரித்தெடுத்தால் மூச்சுக்கான ஆக்சிஜனுக்கும் ராக்கெட் எரிபொருளுக்கும் அதுவே ஆதாரம். கதிர்வீச்சைத் தடுக்க, வீடுகளின்மேல் நிலவு மண்ணைக் கனமாகப் போட்டு மூட வேண்டும். ஆனால் அந்த மண்ணின் தூசியே பெருந்தொல்லை: காற்றும் நீரும் தேய்க்காத கூரிய துகள்கள் அப்போலோ வீரர்களின் உடைகளையே தேய்த்தன.